கடைசி வரி வரை ஒப்பித்தவர்

விருத்தாசலம்
22-1-2025

அன்பு மச்சான் ராஜமாணிக்கத்துக்கு மாமன் கொளஞ்சிநாதன் சொல்ல, உன் அக்கா கண்ணம்மாள் எழுதுவது. இங்கே இரண்டு பேருக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை. அவளுக்கு மட்டும் காலையில் எழுந்திருக்கும்போது முழங்கால் கொஞ்சம் யோசிக்கிறது. ஓசூர்க் குளிர் உன்னை என்ன பாடு படுத்துகிறது, உன் மகன் ஆனந்தராஜ் வீட்டில் எல்லோரும் எப்படி என்று எழுது. போனில் கேட்கலாம் என்றால் உனக்குக் காது கேட்காது, எனக்கு எழுத்து தெரியாது. நம்மால் தபால்காரருக்கு வேலை.

பொங்கலுக்கு வந்தபோது என் எக்ஸெல் வண்டியில் ஒரு தடவை பின்னால் உட்கார்ந்து வந்தாய். ஊர் போனதும் முதல் வேலையாக, புதுக் கண்ணாடி வாங்குங்கள் என்று எழுதியிருக்கிறாய். நீ சொன்னதற்காகக் கடைவீதியில் தமிழ்மணி கடைக்குப் போய் விசாரித்தேன். பிரேமுக்கு ஒரு விலையாம், கண்ணாடிக்கு ஒரு விலையாம், அதன்மேல் ஏதோ பூச்சாம், அதற்குத் தனி விலையாம். செராமிக் சூளையில் நாற்பது வருஷம் வெந்தவனிடம் பூச்சைப் பற்றிப் பேசுகிறான். "பூசாம எவ்வளவுடா?" என்றேன். "அதுவே ஆயிரத்து எண்ணூறு வருதுங்க" என்றான்.

அந்தக் காசுக்கு என் வண்டிக்குப் பின் டயர் வரும். வண்டி ஓடினால்தான் சுப்புராயன் பட்டறைப் பொம்மையும் ஊறுகாய் ஜாடியும் பெண்ணாடம், நம்ம பக்கத்து மங்களூர்க் கடைகளுக்குப் போகும். போனால்தான் எங்கள் அடுப்பு எரியும். பத்து வருஷத்துக்கு முன் கண்புரை எடுத்தபோது கொடுத்த கண்ணாடி இன்னும் இருக்கிறது. ஒரு கம்பி ஒடிந்ததால் நூல் கட்டியிருக்கிறேன். படிக்கத் தெரியாதவனுக்கு அதுவே அதிகம். ரோடு என்ன, பொடி எழுத்தா?

குழந்தைகளுக்கு என் ஆசி.
கொளஞ்சிநாதன்

தம்பி, மேலே உள்ளதைப் படிக்கச் சொல்லி, ஒரு சொல் விடாமல் சரிபார்த்துவிட்டார். அவர் ஞாபகத்தின் முன்னால் ஒரு வார்த்தையை மாற்ற முடியாது. இனி வருவது நானாக எழுதுவது. போன வாரம் மங்களூர் ரோட்டில் மக்காச்சோளத்தைக் குவித்துச் சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். உங்க மாமா வண்டியை நிறுத்தி ஆரன் அடித்தார். "யோவ் பெரியவரே, ஒனக்கு உக்கார வேற எடம் கெடைக்கலியா?" என்று அதட்டினார். சோளக் குவியல் அசையவில்லை. "செவுடு போல" என்று சொல்லிவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார். - கண்ணம்மாள்


ஓசூர்
3-2-2025

மதிப்புக்குரிய மாமாவுக்கு ராஜமாணிக்கம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே குளிரில் கம்பளியைவிட்டு வெளியே வருவதே ஒரு வேலையாக இருக்கிறது. மற்றபடி எல்லோரும் சௌக்கியம். அக்கா முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். தேய்ப்பது உங்கள் பொறுப்பு.

நீங்கள் கண்ணாடி விலையை விசாரித்தீர்கள். கண்ணை விசாரித்தீர்களா? முதலில் டெஸ்ட் செய்யுங்கள். அங்கே கல்யாண மண்டபத்தில் அடிக்கடி இலவசக் கண் முகாம் போடுகிறார்கள். டெஸ்டுக்குக் காசு இல்லை. காசு இல்லாத இடத்தில் மாமாவுக்கு என்ன தயக்கம்? கண்ணு நல்லா இருக்கிறது என்று அவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டால் நான் வாயைத் திறக்கமாட்டேன்.

(அக்கா, வாசிப்பதை இங்கே நிறுத்திவிடு. மீதி உனக்கு. பொங்கலன்று நான் வண்டியில் வந்த அரை மணி நேரமும் இருக்கிற சாமியை எல்லாம் கூப்பிட்டேன். நீ எப்படி வாரத்துக்கு மூன்று நாள் ஏறுகிறாய்? ஏன் ஏறுகிறாய்?)

பணிவுடன்,
ராஜமாணிக்கம்


விருத்தாசலம்
17-2-2025

வாயைத் திறக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்த மச்சானுக்கு மாமன் எழுதுவது. சுகம். பரம சுகம். உன் தைலம் வந்தது. உன் அக்கா முழங்கால் மணக்கிறது, வலி போகவில்லை. உன் வீட்டில் எல்லோரும் நலமென்று நம்புகிறேன்.

முகாமுக்குப் போனேன். மண்டபம் நிறைய ஜனம். பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்தார்கள். எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய், சுவரில் மாட்டியிருந்த அட்டையைப் பார்த்து எழுத்து எழுத்தாகச் சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரே அட்டை. நாலைந்து பேர் சொன்னதுமே எனக்குப் பாடமாகிவிட்டது. என் முறை வந்தது. டெஸ்ட் செய்கிற பொண்ணு, "தாத்தா, படிப்பீங்களா?" என்று கேட்டாள். அத்தனை பேர் எதிரில் கேட்கிற கேள்வியா அது? "ஏன், படிக்காம?" என்றேன்.

ஒரு கண்ணைப் பொத்தச் சொன்னாள். மேலே இருக்கிற பெரிய எழுத்தில் பிடித்துக் கடைசி வரி வரைக்கும் மூச்சு விடாமல் சொன்னேன். மறு கண்ணைப் பொத்தச் சொன்னாள். அதற்கும் அதே பாட்டு. "தாத்தாவுக்குக் கழுகுக் கண்ணு! தூரத்துக்குக் கண்ணாடியே வேணாம்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டாள். ஞாபகம் என்பது ஒரு சொத்து மச்சான். கண்ணாடிக் காசு மிச்சம். அன்றைக்கே வண்டிக்குப் புது டயர் போட்டாயிற்று.

வெற்றியோடு,
கொளஞ்சிநாதன்

தம்பி, படிக்கத் தெரியாது என்கிற சொல் வெளியாள் எதிரில் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. நம் வீட்டுக்குள் மட்டும்தான் சொல்வார். பேங்கில் ஃபாரத்தை நீட்டினால், "கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டேன், நீங்களே போட்டுடுங்க" என்பார். கண்ணாடி சட்டைப் பையில் இருக்கும். ஏன் ஏறுகிறேன் என்று கேட்டாய். நான் பின்னால் உட்கார்ந்து அவர் தோளில் கையை வைத்திருப்பேன். இடது பக்கம் போக வேண்டுமானால் இடது தோளை அமுக்குவேன். வலது பக்கம் என்றால் வலது தோள். பள்ளம் வந்தால் இரண்டையும். நான் ஏறினால்தான் வண்டி வீடு வந்து சேரும்.


ஓசூர்
1-3-2025

மாமாவுக்கு வணக்கம். நலம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை, இருந்தாலும் விசாரிக்கிறேன். எல்லோரும் நலமா?

நீங்கள் செய்தது டெஸ்ட் இல்லை, ஒப்பித்தல். வாயைத் திறக்கமாட்டேன் என்ற வாக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு அங்கே வேறு அட்டை வைத்திருப்பார்கள். அதில் எழுத்து கிடையாது, மூன்று கால் உள்ள ஒரு படம்தான், வரிசையாகத் திரும்பித் திரும்பி நிற்கும். கால் எந்தப் பக்கம் என்று கையால் காட்டினால் போதும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காட்டியிருப்பார்கள்.

கண்ணாடிக் காசு என் பென்ஷனில் தருகிறேன். அதை வாங்கிக்கொள்ள உங்களுக்குக் கௌரவம் இடம் கொடுக்காது என்றால் விடுங்கள். ஆனால் கண்ணாடி போடுகிறவரைக்கும் என் அக்காவை அந்த வண்டியில் ஏற்றக்கூடாது. இதை நான் கேட்டுக்கொள்ளவில்லை, சொல்கிறேன்.

ராஜமாணிக்கம்


விருத்தாசலம்
10-3-2025

ராஜமாணிக்கத்துக்கு, நலம். அவ்வளவுதான்.

உனக்கு அவள் அக்கா ஆவதற்கு நீ ஒன்றும் செய்யவில்லை, பிறந்தாய். எனக்குப் பெண்டாட்டி ஆவதற்கு நான் உன் அப்பாவிடம் மூன்று முறை நடந்தேன். மூன்றாம் முறை வந்தபோது நீ கால்சட்டையில் பின்பக்கம் கிழிசலோடு வாசலில் நின்று, "எங்கக்கா இல்ல, போங்க" என்று பொய் சொன்னாய். அவள் உள்ளே மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கிழிசல் எத்தனை பெரியது என்றுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்போதும் என்னைத் தடுத்தாய், இப்போதும் தடுக்கிறாய்.

இத்தனை வருஷத்தில் என் வண்டி யார் மேலாவது பட்டதுண்டா? உன் அக்காவைக் கேட்டுப் பார். பின்னால் உட்கார்ந்து தோளை அமுக்கிக்கொண்டே வருகிற பயந்தாங்கொள்ளி அவள். அவளே ஒன்றும் சொல்லவில்லை.

பிள்ளைகள் படிப்பைக் கவனி.
கொளஞ்சிநாதன்

தம்பி, கோபத்தில் சொன்னது, மனசில் வைக்காதே. மாவு அரைத்துக்கொண்டிருந்தேன் என்பதை எழுதும்போது சிரிப்பு வந்தது, அதற்கும் திட்டினார். முழங்கால் வீங்கிவிட்டது. பத்து நாள் படி ஏறி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்கிறார். புதன்கிழமை மங்களூர்ப் பக்கம் திருவிழாக் கடைக்கு ஜாடி லோடு இருக்கிறது. "நீ படுத்திரு, நான் ஒத்தையில போயிட்டு வரேன்" என்கிறார். எனக்கு முழங்கால் வலி தெரியவில்லை தம்பி, புதன்கிழமைதான் தெரிகிறது.


ஓசூர்
2-4-2025

மாமாவுக்கும் அக்காவுக்கும், ராஜமாணிக்கம். எப்படி இருக்கிறீர்கள்? மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. ஆனந்தராஜை விட்டுப் போன் போடச் சொன்னேன். அக்கா எடுத்து, "எல்லாம் நல்லாத்தான் இருக்குது, மாமா தூங்குறாங்க" என்றாளாம். பட்டப்பகலில் மாமா தூங்கி நான் கேள்விப்பட்டதில்லை. என் மேல் கோபம் என்றால் திட்டியாவது எழுதுங்கள்.

ராஜமாணிக்கம்


விருத்தாசலம்
9-4-2025

மச்சானுக்கு. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. உடம்பு தேவலை. உன் அக்கா கோல் இல்லாமல் நடக்கிறாள். உன் வீட்டிலும் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் மேல் கோபம் ஒன்றும் இல்லை. வண்டிக்குச் சின்ன வேலை இருக்கிறது, அதனால் நிறுத்தி வைத்திருக்கிறேன். லோடை சுப்புராயன் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிக்கொள்கிறான். வேறு விசேஷம் இல்லை.

கொளஞ்சிநாதன்

தம்பி, வண்டிக்கு ஒரு வேலையும் இல்லை. அந்தப் புதன்கிழமை பொழுது சாய்ந்தபின் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். போன ஜாடி அத்தனையும் உடையாமல் அப்படியே திரும்பி வந்தது. கடைக்கே போகவில்லை. "விழுந்தீங்களா?" என்றேன். "விழல" என்றார். "யாரையாவது இடிச்சீங்களா?" என்றேன். "இடிக்கல" என்றார். அன்றிலிருந்து வண்டிச் சாவியை என் மசாலா டப்பாவுக்குள் போட்டு வைத்திருக்கிறார். கூலி இல்லை. எதிர்த்த வீட்டுத் தனக்கோடி வந்து, "என்னண்ணே, வண்டி சும்மா நிக்குது?" என்று கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுகிறார். எனக்குச் சொல்லாதது அவருக்கு ஒன்றும் இருந்ததில்லை.


ஓசூர்
18-4-2025

மாமாவுக்கு வணக்கம். உங்கள் நலத்தைத்தான் முதலில் கேட்கிறேன், மரியாதைக்காக இல்லை. இங்கே நாங்கள் நன்றாக இருக்கிறோம்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். ஆனந்தராஜ் போன வருஷம் எனக்குக் காது மிஷின் வாங்கிக் கொடுத்தான். உங்கள் கண்ணாடியைப்போல் பத்து மடங்கு விலை. இரண்டு நாள் போட்டேன். பால் வாங்கப் போன இடத்தில் ஒரு சின்னப் பிள்ளை, "அந்தத் தாத்தா காதுல என்னம்மா?" என்று கேட்டது. வீட்டுக்கு வந்து கழற்றி டப்பாவில் வைத்தவன்தான். மகனிடம் தினமும் போட்டுக்கொள்வதாகச் சொல்கிறேன். அவன் என்ன சொன்னாலும் சிரித்துத் தலையாட்டுகிறேன். போன மாதம் தலையாட்டியே அவனுடைய பழைய சோபாவை என் வீட்டுக்குள் வரவிட்டுவிட்டேன். உங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

அந்தப் புதன்கிழமை என்ன நடந்தது மாமா?

ராஜமாணிக்கம்


விருத்தாசலம்
2-5-2025

என் மச்சான் ராஜமாணிக்கத்துக்கு மாமன் கொளஞ்சிநாதன். நாங்கள் சுகம். நீ சோபாவில் சுகமாக உட்கார்ந்திருப்பாய் என்று நம்புகிறேன்.

கேட்டாய், சொல்கிறேன். மங்களூருக்குப் பிரிகிற இடத்தில் அன்றைக்கு நான் திரும்பவில்லை. நேராகப் போய்க்கொண்டே இருந்தேன். வெகுதூரம் போனபின்தான் இது வேறு ஊராக இருக்கிறதே என்று நின்றேன். எத்தனை வருஷமாகப் போகிற ரோடு, எப்படித் தப்பியது? அங்கேயே நின்று யோசித்தேன். தோளில் ஒன்றும் அமுங்கவில்லை, அதனால் நான் திரும்பவில்லை. இதைச் சொன்னதும் உன் அக்கா பேனாவை நிறுத்திவிட்டாள். எழுது புள்ள என்கிறேன்.

வந்த வழியே திரும்பிச் சரியான ரோட்டைப் பிடித்தேன். ஓரத்தில் சோளம் காய்ந்தது. நடுவில் ஒரு குவியல், சாக்குப் போட்டு மூடியிருந்தது. சோளம்தானே, உரசிக்கொண்டு போய்விடலாம் என்று விட்டேன். கிட்டப் போனதும் குவியல் கையைத் தூக்கியது. "அய்யோ சாமி!" என்று கத்தியது. பிரேக்கைப் பிடித்தேன். வண்டி நின்றபோது முன் சக்கரத்துக்கும் அந்தம்மா காலுக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது. வெயிலுக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு சோளத்துக்குக் காவல் இருந்தவள். கண்ணாடிக் காசில் வாங்கிய டயர்தான் காப்பாற்றியது என்று உன்னிடம் வாதாடலாம். வாதாடவில்லை.

"ஒனக்குக் கண்ணு பொடனியிலயா இருக்குது? நாலு பேரப் புள்ளைங்க வூட்டுல எனக்காகக் காத்துக்கிட்டு கெடக்குதுங்க. கண்ணாடி போட்டுக்கினு வர வேண்டியதுதானே?" என்றாள். பேங்கில் சொல்கிற அதே சொல், மறந்துட்டு வந்துட்டேன் என்பது, வாய்க்கு வந்தது. அந்தம்மா காலைப் பார்த்தேன். சொல்லவில்லை. வண்டியைத் திருப்பி வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தேன்.

கண்ணாடிக்கு விலை ஆயிரத்து எண்ணூறு என்று உன்னிடம் கணக்குச் சொன்னேனே, அது என் விலை இல்லை மச்சான். முகாமில் அந்தப் பொண்ணு கேட்ட கேள்விக்கு, அத்தனை பேர் எதிரில், உள்ள பதிலைச் சொல்ல வேண்டும். அதுதான் எனக்கு விலை. அதைக் கொடுக்க மனசில்லாமல் உன் அக்காவைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டினேன்.

இந்த மாதம் மறுபடி முகாம் வருகிறது.

கொளஞ்சிநாதன்

தம்பி, தோளை ஏன் அமுக்கினேன் என்று அவர் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நேற்று என் முழங்காலுக்கு அவராகவே தைலம் தேய்த்தார்.


விருத்தாசலம்
28-5-2025

அன்பு மச்சானுக்கு மாமன் கொளஞ்சிநாதன் எழுதுவது. நாங்கள் ரொம்ப நன்றாக இருக்கிறோம். உன் வீட்டில் எல்லோரும், சோபா உட்பட, சௌக்கியமா?

முகாமில் அதே பொண்ணுதான் இருந்தாள். "கழுகுக் கண்ணுத் தாத்தா! மறுபடி எதுக்கு வந்தீங்க?" என்றாள். நான் மெதுவாகத்தான் சொன்னேன். தலைக்குமேல் ஃபேன் ஓடுகிற சத்தம், அவள் "என்ன தாத்தா?" என்றாள். பலமாகச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. "எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. அன்னைக்கு மனப்பாடமா ஒப்பிச்சேன்." பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் என் பக்கம் திரும்பினார்கள். நானும் என்னமோ நடக்கும் என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவள் அட்டையைத் திருப்பினாள், அவ்வளவுதான். பின்பக்கத்தில் கால் படம். மூன்றாவது வரிக்குக் கீழே எனக்குக் கால் எது, கை எது என்று தெரியவில்லை. "இந்தக் கண்ண வெச்சுக்கிட்டா வண்டி ஓட்டுனீங்க?" என்றாள். "எம்பொண்டாட்டி ஓட்டுனாம்மா, நான் ஹேண்டில்பாரப் புடிச்சிக்கிட்டிருந்தேன்" என்றேன்.

கண்ணாடி தமிழ்மணி கடையில் வாங்கினேன். கிட்டப் பார்வைக்கும் சேர்த்துப் போட்டால் கூட முந்நூறு என்றான். வேண்டாம் என்றுவிட்டேன், படிக்கிற வேலைக்கு என் வீட்டில் ஆள் இருக்கிறது. உன் பென்ஷன் காசும் வேண்டாம். அதில் காது மிஷினுக்குப் பாட்டரி வாங்கிப் போடு. போட்ட பின் ஒரு நாள் ஆனந்தராஜைப் போன் போடச் சொல். நான் கத்தாமல் பேசிப் பார்க்கிறேன்.

நேற்று மங்களூர் போய் வந்தேன். உன் அக்கா வண்டியில் ஏறியதும் பழக்கத்தில் தோளில் கையை வைத்தாள். பெண்ணாடம் தாண்டியதும் கையை எடுத்துவிட்டாள். திரும்பிப் பார்த்தால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தூங்குகிறாள். வண்டியில் அவள் தூங்கி நான் பார்த்தது நேற்றுதான்.

ஒன்றைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். முகாமில் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது, பெஞ்சில் ஒரு பெரியவர் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரியாதா அந்த முணுமுணுப்பு? பக்கத்தில் போய், "அய்யா, ஒப்பிக்காதீங்க. படிக்கத் தெரியாதுன்னு சொல்லிடுங்க, கால் படம் காட்டுவாங்க. தலை ஒண்ணும் போயிடாது" என்றேன்.

"யோவ், நான் முப்பத்தஞ்சு வருஷம் வாத்தியாரா இருந்தவன்யா! சாமி பாட்டுச் சொல்லிக்கிட்டிருக்கேன்!" என்று எகிறினார்.

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன், வாத்தியாரும் கடைசியில் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் பின் பெஞ்சிலிருந்து ஒரு பொம்பளை எழுந்து வந்தாள். முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை, புடவை பச்சை என்று மட்டும் தெரிந்தது. என் காதோரம் குனிந்து, "அந்தக் கால் படம் எங்கங்க காட்டுறாங்க?" என்று கேட்டாள். கையைப் பிடித்து அந்தப் பொண்ணிடம் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பிப் பார்த்தால் எங்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

நான் சொல்லி முடித்த பிறகு உன் அக்கா கீழே உனக்குத் தனியாக எழுதுவாள். பேனா சத்தம் எனக்குக் கேட்காதா? உன்னைப்போல் எனக்குக் காது போகவில்லை. எழுதட்டும், அவள் தம்பி நீ.

மாமன்,
கொளஞ்சிநாதன்

தம்பி, இந்தத் தடவை எல்லாவற்றையும் அவரே சொல்லிவிட்டார். எனக்கு எழுத ஒன்றும் இல்லை.